திரையில் பிராக்டல் சிதறினால்: குறியைப் பார்த்துக் கோளாறு தேடும் வழிமுறை

எங்கள் கடை திருக்கோணமலையில், டச்சுக் குடாவின் உப்புக்காற்று நேரே வந்து மோதுகிற ஒரு தெருவில் இருக்கிறது. கல்யாண அட்டை, திருவிழாப் பதாகை, அரங்கேற்றத்துக்கு மேடைப் பின்திரை என்று வருவதையெல்லாம் செய்கிறோம். சில ஆண்டுகளாகப் பின்திரைக்கு மட்டும் ஒரு புது ஆசை பிடித்திருக்கிறது. கோபுரத்துக்குள் கோபுரம், அதற்குள் இன்னொரு கோபுரம் என்று முடிவில்லாமல் போகிற முப்பரிமாண பிராக்டல் வேண்டும் என்கிறார்கள். தமிழில் இதைப் பகுவல் என்றும் எழுதுகிறார்கள். கடைக்கு வருகிற பிள்ளைகள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. நானும் பிராக்டல் என்றே எழுதுகிறேன்.

ஆசையோடு கோளாறும் வந்தது. மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு, "அண்ணா, ராத்திரி முழுக்க ஓடியது, காலையில் பார்த்தால் படம் கெட்டுப்போயிருக்கிறது" என்று யாராவது வந்து நிற்பார்கள். ஒவ்வொன்றையும் ஒரு கொப்பியில் எழுதிவைத்தேன். கொப்பி நிறைந்தபோதுதான் கவனித்தேன்: திரும்பத் திரும்ப வருவது அதே ஒன்பது பத்துக் கோளாறுதான். அந்தக் கொப்பியைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன். மண்டல்பல்பர், மண்டல்பல்ப் 3டி, பிளெண்டர் ஆகிய மூன்று மென்பொருள்களையும் மனத்தில் வைத்து எழுதியது. மூன்றும் இலவசம்.

## எதையும் தொடும் முன்

அமைப்புக் கோப்பை வேறு பெயரில் ஒரு பிரதி எடுங்கள். படத்தின் அளவை 320×180 ஆகக் குறையுங்கள். 1920×1080 படத்தோடு ஒப்பிட்டால் இதில் புள்ளிகள் 36 மடங்கு குறைவு. அரை மணி நேரம் காத்திருந்து பார்க்க வேண்டியதை ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள். மூன்று எண்ணைச் சேர்த்து மாற்றிவிட்டு "சரியாகிவிட்டது" என்பவர்தான் அடுத்த வாரம் அதே கோளாறோடு திரும்பி வருகிறவர்.

கோட்பாடு வேண்டாம். ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். பார்வைக் கதிர் பொருளை நோக்கி அடியடியாக நடக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கணக்குப் பார்க்கிறது. அந்தக் கணக்கு ஒரு மதிப்பீடுதான். சரியான தூரம் அல்ல. கீழே வருகிற கோளாறுகளில் பாதி இந்த நடையில்தான் பிறக்கிறது.

## குறி: படம் முழுக்கக் கறுப்பு

பொருள் மாற்றிய உடனே கறுத்ததா? அப்படியானால் கேமரா பொருளுக்குள் நிற்கிறது. அதிகம் வருவது இதுதான். 2009இல் டேனியல் வைட்டும் பால் நைலாண்டரும் வெளிக்கொண்டுவந்த மண்டல்பல்ப் என்ற பிராக்டல் உருவம், மையத்திலிருந்து ஒன்றேகால் அலகு தூரத்துக்குள் அடங்கிவிடும். 2010இல் டொம் லோ கண்டுபிடித்த மண்டல்பொக்ஸ், ஸ்கேல் 2 என்று வைத்தால் ஒரு பக்கம் 12 அலகு. அதாவது மையத்திலிருந்து எல்லாப் பக்கமும் 6 அலகு நீள்கிறது. பல்புக்கு 3 அலகு தள்ளி கேமராவை நிறுத்தியிருப்பீர்கள். சூத்திரத்தை மட்டும் பொக்ஸாக மாற்றினால், கேமரா அசையாமலே சுவருக்குள் புதைந்துவிடும். "ரீசெட் வியூ" பொத்தானை அழுத்துங்கள், அல்லது கேமராவை 15 அலகு பின்னே இழுங்கள்.

எதையும் மாற்றாமலே கறுத்ததா? பார்வை எல்லைத் தூரம் சுருங்கியிருக்கிறதா, விளக்கின் வலு பூச்சியமா என்று பாருங்கள். கேமராவைப் பின்னே கொண்டுபோகும்போது எல்லைத் தூரத்தைக் கூட்ட மறப்பது வழக்கம்.

பொக்ஸின் ஓரங்கள் மட்டும் கத்தியால் வெட்டியது போலக் காணாமற்போயிருக்கின்றனவா? "பெயில்அவுட்" எண் (எவ்வளவு தூரம் தாண்டினால் கணக்கை நிறுத்துவது என்கிற எல்லை) சிறியது. பல்புக்கு வைத்த எண் பொக்ஸுக்குப் போதாது. 100 கொடுத்துப் பாருங்கள்.

இதற்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

## குறி: மணல் தூவியது போலப் புள்ளி, ஓட்டை, பாதி காணாமற்போன துண்டுகள்

கொப்பியில் அதிகப் பக்கம் பிடித்தது இதுதான். கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு தம்பி தன் படத்தைக் காட்டி, "வலையை எலி கடித்தது போல இருக்கிறது" என்றான். இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. மெல்லிய கம்பிகள் இருக்க வேண்டிய இடத்தில் இடையிடையே அறுந்த நூல். திடமான சுவரில் ஊசிக்குத்து.

கதிர் அடியைப் பெரிதாக வைத்து மெல்லிய பகுதியைத் தாண்டிப்போய்விட்டது. அவ்வளவுதான் நோய். மருந்துகள் மலிவானதிலிருந்து வரிசையாக:

முதலில் அடிநீளம். மண்டல்பல்ப் 3டியில் "ரேஸ்டெப் மல்டிபிளையர்", மண்டல்பல்பரில் "ரேமார்ச்சிங் ஸ்டெப் மல்டிபிளையர்" என்று இருப்பது. 1 என்றால் மதிப்பீட்டை முழுதாக நம்பி நடக்கிறது. பாதியாக்குங்கள்: 0.5. இன்னும் புள்ளி இருந்தால் 0.25. ஒவ்வொரு தடவை பாதியாக்கும்போதும் நேரம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். எடுத்தவுடன் 0.05க்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். படம் அழகாகத்தான் வரும். அரங்கேற்றம் முடிந்த பிறகு வரும்.

மண்டல்பல்பரில் "ஸ்டாட்டிஸ்டிக்ஸ்" பலகையைத் திறந்தால், தவறாகப்போன தூர மதிப்பீடு எத்தனை வீதம் என்று அதுவே சொல்லும். கண்ணால் பார்த்துச் சண்டை பிடிப்பதைவிட அந்த எண் கீழே இறங்குகிறதா என்று பார்ப்பது மேல். எண் குறைவதே நின்றுவிட்டால் அடிநீளத்தை மேலும் குறைப்பதில் பயனில்லை. காரணம் வேறெங்கோ இருக்கிறது.

அடுத்து, சூத்திரக் கலவை. இரண்டு மூன்று சூத்திரங்களைச் சேர்த்துச் சமைத்திருக்கிறீர்களா? பல்புக்கு மடக்கை வகையான தூர மதிப்பீடு பொருந்தும்; பொக்ஸ், மெங்கர் பஞ்சு போன்ற மடித்து விரிக்கிறவற்றுக்கு நேரியல் வகை பொருந்தும். கலவையில் ஒன்று மற்றதன் கணக்கைக் கெடுக்கும். மதிப்பீட்டு வகையை மாற்றிப் பாருங்கள். சாம்பார் வாளிக்குள் பாயசக் கரண்டி கிடந்தால் கரண்டியைத்தான் எடுக்க வேண்டும், சாம்பாரைக் கொட்ட வேண்டியதில்லை.

பிறகு, நிற்கும் தூரம். கதிர் பொருளுக்கு எவ்வளவு அருகே வந்தால் "தொட்டுவிட்டேன்" என்று நிற்பது என்கிற எண், மண்டல்பல்ப் 3டியில் "டிஈ ஸ்டொப்". மிகச் சிறியதாக இருந்தால், படத்தின் ஒரு புள்ளியைவிட நுணுக்கமான நூல்களையெல்லாம் காட்டப்போய் முழுப் படமும் நொறுங்கிய தூளாகத் தெரியும். சிறிது கூட்டுங்கள். தூள் படிந்து மேற்பரப்பாகும்.

நீங்களே குறியாக்கம் எழுதியிருந்தால் பல்பின் தூரச் சூத்திரத்தை மறுபடி பாருங்கள்: ஆரத்தின் மடக்கை, பெருக்கல் ஆரம், வகுத்தல் வகைக்கெழு, அதில் பாதி. அந்தப் "பாதி"யை மறந்தவர்களை மட்டும் நான் நான்கு பேர் பார்த்திருக்கிறேன். இன்னொருவர் மடக்கையைப் பத்தின் அடியில் எடுத்திருந்தார். அது இயல் மடக்கையாக இருக்க வேண்டும்.

ஒரு பிரிவு இங்கே. புள்ளிகள் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வந்தால் மேலே சொன்னவை. ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் வந்தால், அல்லது கோப்புறை திறந்திருக்கும்போதும் வண்ணச் சதுரங்கள் மின்னினால், அது பிராக்டலின் கோளாறு அல்ல. திரைப்பிடிப்பு ஒன்றை எடுத்து உங்கள் தொலைபேசியில் திறந்து பாருங்கள். அதில் சதுரங்கள் இல்லை என்றால் குற்றவாளி திரை அல்லது கேபிள். அதிலும் இருக்கிறது என்றால் வரைகலை அட்டையின் நினைவகத்தைச் சந்தேகிக்க வேண்டும். விண்டோஸ் ஏறும் முன்பே, தயாரிப்பாளர் சின்னம் தெரிகிற நேரத்திலேயே சதுரங்கள் வந்தால் அதற்கு மேல் நீங்கள் செய்ய எதுவுமில்லை, தொழில்நுட்பவியலாளரிடம் கொடுங்கள்.

## குறி: நுணுக்கம் இல்லை, உருளைக்கிழங்கு போல வழவழ

சுழற்சி எண்ணிக்கை, அதாவது சூத்திரத்தை எத்தனை தடவை திரும்பப் போடுவது என்கிற எண், குறைவு. பல்புக்கு 3 அல்லது 4 வைத்தால் கிழங்குதான் வரும். 10க்கு ஏற்றுங்கள், பிறகு இரண்டு இரண்டாகக் கூட்டுங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிறுத்துங்கள்.

சுழற்சி போதுமானதாக இருந்தும் வழவழப்பு என்றால், முன்பு சொன்ன நிற்கும் தூரம் பெரிதாக இருக்கிறது. அதுவும் சரி என்றால், முன்னோட்டத்தையே இறுதிப் படம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். சிரிக்க வேண்டாம், நானே ஒரு முழு மாலையை அப்படித் தொலைத்தேன்.

## குறி: உள்ளே போகப் போகக் கட்டங்கட்டமாக உருகுகிறது

ஆழ்ந்து பெரிதாக்கும்போது நுணுக்கம் நின்றுபோய், மெழுகு வழிந்தது போல அல்லது படிக்கட்டு போல ஆகிறது. அடிநீளத்தைக் குறைத்தாலும் அசையாது. இது எண்ணின் துல்லியம் தீர்ந்துபோன அடையாளம். ஒற்றைத் துல்லிய எண்ணில் ஏழு தசம இலக்கம் வரைதான் நம்பலாம். இரட்டைத் துல்லியத்தில் பதினைந்து.

வரைகலை அட்டையில் ஓடும்போது பெரும்பாலும் ஒற்றைத் துல்லியம். மண்டல்பல்பரில் ஓபன்சிஎல்லை (கணக்கை வரைகலை அட்டையில் ஓட்டுகிற வசதி) நிறுத்திவிட்டு சிபியூவில் அதே இடத்தை 320×180இல் ஓட்டிப் பாருங்கள். உருகல் மறைந்தால் காரணம் உறுதி. பிறகு முடிவு உங்களுடையது: மெதுவாக சிபியூவில் முடிப்பதா, கேமராவைக் கொஞ்சம் பின்னே எடுப்பதா? நான் பின்னே எடுப்பேன். மேடைக்கு இருபது அடி தள்ளி அமர்ந்திருக்கிற பாட்டிக்குப் பத்தாவது தசம இலக்கம் தெரியப்போவதில்லை.

சிபியூவிலும் உருகினால், அதற்கப்பால் இந்த மென்பொருள்கள் வழக்கமாகப் போகிற எல்லை முடிந்துவிட்டது. புது அட்டை வாங்கி இதைத் தீர்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

## குறி: விளிம்பைச் சுற்றி மங்கல் வளையம், வானத்தில் வரி வரி

இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஒன்றல்ல.

வளையம் பொருளின் விளிம்பை ஒட்டியே வந்தால், விளிம்பை உரசிப்போகிற கதிர்கள் சின்னச் சின்ன அடி வைத்து, அனுமதித்த அடிகளின் எண்ணிக்கையைத் தீர்த்துவிட்டுப் பாதி வழியில் நின்றிருக்கின்றன. அதிகபட்ச அடிகளை இரட்டியாக்குங்கள்.

வரிகள் வானத்திலோ பனிமூட்டத்திலோ மட்டும் வந்தால், படத்தை 8 பிட்டில் சேமித்திருக்கிறீர்கள். 16 பிட் பிஎன்ஜியாகச் சேமித்து, கடைசியில் மிக மெல்லிய இரைச்சல் சேருங்கள்.

## குறி: திரை ஒரு கணம் இருண்டு திரும்புகிறது, ரெண்டர் (கணினி படத்தை வரைகிற வேலை) செத்துக்கிடக்கிறது

வரைகலை அட்டை இரண்டு விநாடிக்கு மேல் பதில் சொல்லாவிட்டால், அது உறைந்துவிட்டது என்று விண்டோஸ் முடிவுகட்டி டிரைவரை மறுபடி தொடங்கிவிடும். உங்கள் அட்டை உறையவில்லை. பாவம், பெரிய பருக்கையை வாயில் வைத்து மென்றுகொண்டிருந்தது.

பருக்கையைச் சிறிதாக்குங்கள்: ஒரு தடவையில் அட்டைக்குக் கொடுக்கிற துண்டின் அளவைக் குறையுங்கள். இலவசம், பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். அதன் பிறகு டிரைவரைப் புதுப்பியுங்கள். மூன்றாவதாகத்தான் ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் உள் அமைப்புகளை எழுதிவைக்கிற இடம்): "கிராஃபிக்ஸ்டிரைவர்ஸ்" பகுதியில் "டிடிஆர்டிலே" என்ற எண்ணை 10 விநாடி ஆக்கி, கணினியை மறுபடி தொடக்க வேண்டும். ரெஜிஸ்ட்ரியைப் பிரதி எடுக்காமல் கை வைக்காதீர்கள். இதுவரை அங்கே போனதே இல்லை என்றால், போய்ப் பழகியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

## குறி: ரெண்டர் முடிவதே இல்லை

இது கணினியின் கோளாறா, நம் ஆசையின் கோளாறா என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். என் கதையையே சொல்லிவிடுகிறேன்.

ஓர் அரங்கேற்றத்துக்கு 40 விநாடி சுழல்படம் கேட்டார்கள். விநாடிக்கு 25 சட்டகம், அதாவது 25 தனிப்படம். மொத்தம் 1000 சட்டகம். பெருமைக்காக 3840×2160 என்று வைத்தேன். ஒரு சட்டகம் ஏழு நிமிடம். 7000 நிமிடம் என்றால் 116 மணி நேரத்துக்கு மேல், கிட்டத்தட்ட ஐந்து நாள். நேரே வீடியோக் கோப்பாக எழுதவிட்டேன். நாலாம் நாள் இரவு மின்சாரம் போனது. அரைகுறையாக முடிந்த அந்தக் கோப்பை எந்தப் பிளேயரும் திறக்கவில்லை.

மறுநாள் மேடைக்கு எல்ஈடி திரை வாடகைக்குக் கொடுப்பவரைச் சந்தித்தபோதுதான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: "திரையில் மொத்தம் எத்தனை புள்ளி?" அவருடைய பலகை 3.91 மில்லிமீட்டர் இடைவெளி வகை. அரை மீட்டர் பலகை ஒன்றில் 128 புள்ளி. 6 மீட்டருக்கு 3 மீட்டர் திரை என்றால் அகலத்தில் 12 பலகை, உயரத்தில் 6. ஆக 1536×768. நான் ஐந்து நாளாகக் காய்ச்சியதில் ஏழில் ஒரு பங்குதான் திரைக்குத் தேவை! அந்த அளவில் ஒரு சட்டகம் ஒரு நிமிடம். மறுபடி தொடங்கி, பதினேழு மணி நேரத்தில் முடித்துக்கொடுத்தேன்.

ஆகவே வரிசை இது:

எங்கே காட்டப்போகிறார்கள் என்று கேளுங்கள். திரையின் புள்ளி எண்ணிக்கையைத் தாண்டி ரெண்டர் செய்யாதீர்கள். பதாகை அச்சுக்கும் இதே கணக்கு: 24×36 அங்குலம், அங்குலத்துக்கு 150 புள்ளி என்றால் 3600×5400 போதும். தூரத்தில் நின்று பார்க்கிற பதாகைக்கு 300 கேட்பவரோடு கொஞ்சம் வாதாடிப் பாருங்கள்.

சட்டகம் சட்டகமாகப் பிஎன்ஜி எழுதுங்கள். மின்சாரம் போனால் ஒரு சட்டகம் போகும், அவ்வளவுதான். விட்ட எண்ணிலிருந்து தொடரலாம்.

ஒளி வேலைகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பலகதிர் மூலை நிழல், மென்நிழல், பிரதிபலிப்பு, குவிய ஆழம், கனமான மூட்டம். இவற்றில் ஒன்றை அணைத்தவுடன் நேரம் பாதியாகிறதென்றால் அதுதான் சாப்பிடுகிறது. என் அனுபவத்தில் பெரும்பாலும் மூலை நிழல். அதை மலிவான வகைக்கு மாற்றினால் பார்க்கிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு வித்தியாசம் தெரியாது.

அடிநீளம் தேவைக்கு மேல் குறைந்திருக்கிறதா? முன்பு புள்ளியைப் போக்கக் குறைத்ததை மறந்து அப்படியே விட்டிருப்பீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகுதான் வன்பொருள். நேற்று ஒரு நிமிடம் எடுத்த அதே சட்டகம் இன்று இரண்டு நிமிடம் எடுத்தால், கணினி சூட்டில் வேகத்தைக் குறைக்கிறது. கீழே கடைசிக் குறிக்குப் போங்கள்.

## குறி: தனிப்படம் அழகு, அசைந்தால் மினுமினுப்பு

மேற்பரப்பு முழுக்க எறும்பு ஊர்வது போல இருந்தால், ஒரு புள்ளியைவிடச் சிறிய நுணுக்கங்கள் சட்டகத்துக்குச் சட்டகம் தோன்றி மறைகின்றன. நிற்கும் தூரத்தைச் சிறிது கூட்டுங்கள். போதாவிட்டால் இரட்டை அளவில் ரெண்டர் செய்து பாதியாகச் சுருக்குங்கள். நேரம் நான்கு மடங்கு ஆகும்.

கேமரா கிட்டப் போகப் போகச் சுவர் மூச்சு விடுவது போல வீங்கிச் சுருங்கினால் காரணம் வேறு. நிற்கும் தூரம் கேமராவின் தூரத்தைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கிறது; கிட்டப் போகும்போது புதுப்புது நுணுக்கம் முளைக்கிறது. மண்டல்பல்பரில் "கொன்ஸ்டன்ட் டீடெயில் சைஸ்" என்பதை இயக்குங்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் போனது.

நிழலில் மட்டும் கொதிப்பு என்றால் அது எழுந்தமான மாதிரி எடுப்பின் இரைச்சல். மாதிரிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதே வழி. பிளெண்டரில் இரைச்சல் நீக்கியை மட்டும் நம்பினால் கொதிப்பு போய், எண்ணெய் மிதப்பது போல ஒன்று வரும்.

ரெண்டர் சுத்தம், வீடியோவில் மட்டும் சேறு என்றால் பிராக்டலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பிட்வீதம் (வீடியோவின் ஒரு விநாடிக்கு ஒதுக்குகிற தரவு) போதவில்லை. நுணுக்கம் நிறைந்த படம் சாதாரண வீடியோவைவிட மிக அதிகம் கேட்கும். இரட்டியாக்குங்கள்.

## குறி: பிளெண்டரில் மெங்கர் பஞ்சு போட்டால் கணினி உறைகிறது

ஒரு கனசதுரத்தை 27 ஆக வெட்டி 7 ஐ எறிந்தால் மிஞ்சுவது 20. அடுத்த படியில் 400, பிறகு 8000, பிறகு 1,60,000. ஐந்தாம் படியில் 32 இலட்சம் கனசதுரம். முக்கோணமாக எண்ணினால் 3 கோடியே 84 இலட்சம். 8 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினி இதைத் தாங்கும் என்று எதிர்பார்ப்பது, மூதூர்ப் படகில் திருவிழாக் கூட்டத்தை ஏற்றுவது போல.

மூன்றாம் படியோடு நிறுத்துங்கள். தூரத்துக் காட்சிக்கு அது தாராளம். நான்கு கட்டாயம் வேண்டுமென்றால் உண்மைப் பிரதி எடுக்காமல், ஜியோமெட்ரி நோட்ஸில் "இன்ஸ்டன்ஸ்" ஆக வையுங்கள். இறுதியில் "ரியலைஸ்" கொடுத்து எல்லாவற்றையும் உண்மைப் பிரதியாக்கிக் கெடுக்காதீர்கள். ஐந்து வேண்டுமென்றால் பிளெண்டரை விட்டு, தூர மதிப்பீட்டில் வரைகிற மண்டல்பல்பருக்குப் போங்கள். அங்கே படி கூடினாலும் நினைவகம் கூடுவதில்லை.

## குறி: நடுவில் கணினி தானாக அணைகிறது

மின்சாரம் போனதா, கணினி மட்டும் போனதா? சுவர்க் கடிகாரமல்ல, பக்கத்து மின்விசிறியைப் பார்த்தவர் யாராவது இருந்தால் கேளுங்கள். யாரும் இல்லை என்றால், எந்த நேரத்தில் அணைந்தது என்பதை விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் பாருங்கள்; எதிர்பாராமல் அணைந்த நேரம் 6008 என்ற எண்ணோடு இருக்கும். அந்த நேரத்தை அயல்வீட்டாரிடம் விசாரித்தால் மின்வெட்டா இல்லையா என்று தெரிந்துவிடும்.

மின்வெட்டு என்றால் யூபிஎஸ். ஆனால் 650 விஏ யூபிஎஸ் ஒன்று, முழு வேகத்தில் ஓடுகிற வரைகலை அட்டையைச் சில நிமிடந்தான் தாங்கும். ஒழுங்காக அணைப்பதற்குத்தான் அது, ரெண்டரை முடிப்பதற்கல்ல.

மின்சாரம் இருக்க அணைந்தால் வெப்பத்தைப் பாருங்கள். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணற்றையும் வெறுமனே பார்த்து எது சூடு என்று சொல்ல முடியாது. தண்ணீரைத் தொட வேண்டும். இங்கே தொடுவதற்கு வெப்பம் காட்டும் ஒரு மென்பொருள் போதும். ரெண்டர் ஓடும்போது பதினைந்து நிமிடம் கவனியுங்கள். 90 பாகைக்கு மேலே ஏறி அங்கேயே நின்றால் காரணம் கிடைத்துவிட்டது.

செலவில்லாதவை: மடிக்கணினியை மெத்தையிலிருந்து தூக்கி மேசையில் வையுங்கள், பின்புறம் உயர்த்துங்கள். கச்சான் அடிக்கிற மாதங்களில் (கடலை அல்ல, மே முதல் செப்டெம்பர் வரை மேற்கிலிருந்து வரும் அந்த அனல்காற்று) பகலில் ரெண்டர் வேண்டாம். இரவு பத்து மணிக்குத் தொடங்குங்கள்.

பிறகு தூசி. போன வருடம் ஒரு மடிக்கணினியின் அடிமூடியைத் திறந்தேன். விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையில், தகடுகளே தெரியாமல், சாம்பல் நிறத்தில் கம்பளி போல ஒரு படலம். சாமணத்தால் பிடித்து இழுத்தேன். கிழியாமல் ஒரே துண்டாக வந்தது. அதன் கீழே தகடுகளின் நுனியில் பச்சை பூத்திருந்தது. கடல் செய்கிற வேலை. தூசி தனியே இருந்தால் ஊதினால் போய்விடும். உப்பும் வாடைக்காலத்து ஈரமும் சேர்ந்தால் அது பசையாகிவிடுகிறது. மின்கலத்தைக் கழற்றிவிட்டு, விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் தட்டி எடுங்கள். அந்தக் கணினி அன்று 97 பாகையிலிருந்து 78க்கு இறங்கியது.

தூசி இல்லாமலே சூடு என்றால் வெப்பப் பசை காய்ந்திருக்கும். மேசைக் கணினியில் நீங்களே மாற்றலாம். மடிக்கணினியில் பழகிய கை வேண்டும்.

சூடும் இல்லை, ஆனாலும் அணைகிறது என்றால் மின்வழங்கி. சோதனை எளிது: எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் அட்டையின் மின்வரம்பை 70 வீதம் ஆக்கி அதே சட்டகத்தை ஓட்டுங்கள். அணையாமல் ஓடினால் மின்வழங்கி களைத்துவிட்டது. மலிவான பெட்டியோடு வந்த மின்வழங்கி என்றால் இதில் ஆச்சரியம் எதுவுமில்லை. மின்வழங்கியைத் திறந்து பார்க்கும் எண்ணம் வேண்டவே வேண்டாம். இணைப்பைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்னேற்றம் நிற்கும்.

கையை எடுத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டிய இடங்கள்: மின்கலம் வீங்கித் தொடுபலகை மேலெழுந்திருந்தால் உடனே அணைத்து, மின்னேற்றியைக் கழற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். கருகிய வாசனை வந்தால் மறுபடி தொடக்கிப் பார்க்காதீர்கள். உலோகப் பெட்டியைத் தொட்டால் சுரீர் என்றால் கணினிக்காரர் வேண்டாம், மின் இணைப்பாளர் வேண்டும். வீட்டின் புவித்தொடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். தாய்ப்பலகையில் பச்சைப் புள்ளி பரவியிருந்தால் சில்லு அளவில் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். வேலை தொடங்கும் முன் விலையைக் கேளுங்கள். கேட்ட விலை பழைய அட்டையின் பெறுமதியில் பாதியைத் தாண்டினால் நான் திருத்துவதில்லை.

கொடுக்கப் போகும்போது மின்னேற்றியையும் கொண்டுபோங்கள், அது இல்லாமல் போய்த் திரும்பி வருகிறவர்கள் ஏராளம். எத்தனையாவது நிமிடத்தில் அணைகிறது, அப்போது எத்தனை பாகை என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். கணினியைக் கையை விடும் முன், பிராக்டலின் அமைப்புக் கோப்பை உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள். மண்டல்பல்பரில் அது வெறும் எழுத்துக் கோப்பு, சில கிலோபைட்தான். கணினி பட்டறையில் கிடக்கிற நாட்களில் சிநேகிதர் வீட்டுக் கணினியில் திறந்து, 417ஆம் சட்டகத்தில் நின்றிருந்தால் 417இலிருந்தே தொடரலாம்.